கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது



2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஒரு கெடு முடிய வேண்டியிருந்தது. தில்லி வட்டாரத்திலும், பத்து லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள நகரங்களிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்ளும் இருக்கும் அனல் மின்நிலையங்கள், தங்கள் புகைபோக்கி வழியாக வெளிவரும் கந்தகப் புகையை அந்தத் தேதிக்குள் குறைத்தாக வேண்டும் என்பது சட்டம். டிசம்பர் 30-ஆம் தேதி மத்திய சுற்றுச்சூழல் இலாகா ஓர் அறிவிக்கை வெளியிட்டது. கெடு 2027 டிசம்பருக்குப் போய்விட்டது. கெடு முடிய ஒரே ஒரு நாள் பாக்கி இருக்கும்போது மூன்று வருஷம் தானமாகக் கிடைத்தது. நம் வீட்டு மின்சார பில்லைக் கடைசித் தேதி தாண்டிக் கட்டிப் பாருங்கள், மூன்று நாள் கிடைக்கிறதா என்று!

இந்தத் தானத்தைக் கேட்டு வாங்கியவர்கள் யார், எப்படி வாங்கினார்கள் என்பதைத்தான் இந்த இதழில் எழுத வேண்டியிருக்கிறது. மின்சாரமும் காற்றும் படித்தவர்கள் பேசுகிற விஷயம், நமக்கு வேலை நிரந்தரமும் ரேஷன் கார்டும் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பும் போதும் என்று நினைக்கும் தோழர்கள் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் இந்தக் கெடுவின் ஜாதகத்தைப் பார்ப்போம். 2015 டிசம்பர் 7-ஆம் தேதி அனல் மின்நிலையங்களுக்குப் புதிய விதிகள் வந்தன. அதற்கு முன் நம் தேசத்தில் சாம்பல் தூசுக்கு மட்டுமே வரம்பு இருந்தது. கந்தகப் புகை இவ்வளவுதான் விடலாம் என்ற வரம்பே கிடையாது. புகைபோக்கியை இத்தனை உயரம் கட்டு என்று மட்டும் சட்டம் சொன்னது. குப்பையை உன் வாசலில் கொட்டாதே, மதிலுக்கு அந்தப் பக்கம் வீசு என்பது போன்ற சட்டம். 2015 விதிகள்தான் முதல் தடவையாகக் கந்தகப் புகைக்கும், நைட்ரஜன் புகைக்கும், பாதரசத்துக்கும் வரம்பு கட்டின. ஓடிக்கொண்டிருக்கும் நிலையங்களுக்கு இரண்டு வருஷ அவகாசம் தரப்பட்டது. அதாவது 2017 டிசம்பர்.

2017 டிசம்பரில் என்ன நடந்தது? கெடு தாண்டிப் போனது, 2022 வரை அவகாசம் கொடுத்தார்கள். 2020-இல் தனியார் மின் உற்பத்தியாளர் சங்கம் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டி இன்னும் காலம் கேட்டது. நீதிமன்றம் இணங்கவில்லை. நீதிமன்றம் தராததை இலாகா தந்தது. 2021 வசந்தத்தில் மின்நிலையங்களை மூன்று தரமாகப் பிரித்து 2022, 2023, 2024 என்று மூன்று கெடு வைத்தார்கள். 2022 செப்டம்பரில் அவை 2024, 2025, 2026 ஆயின. 2024 டிசம்பர் 30-இல் 2027, 2028, 2029 ஆயின. இதற்கு நடுவே, 2020 அக்டோபரில், நைட்ரஜன் புகையின் வரம்பு ஒரு பகுதி நிலையங்களுக்கு 300 மில்லிகிராமிலிருந்து 450 ஆக உயர்ந்தது. மார்க் வாங்க முடியாத பிள்ளைக்காகப் பாஸ் மார்க்கை மாற்றினார்கள்.

கடைசியில் 2025 ஜூலை 11-ஆம் தேதி அறிவிக்கை வந்தது. மூன்றாம் தரத்து நிலையங்களுக்குக் கந்தக வரம்பே வேண்டாம், புகைபோக்கி விதிப்படி உயரமாக இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். தேசத்திலுள்ள யூனிட்டுகளில் ஏறக்குறைய 78 சதவீதம் இந்த மூன்றாம் தரம். இரண்டாம் தரத்துக்கு ஒரு கமிட்டி ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு சொல்லும். முதல் தரம் மட்டும், சுமார் 11 சதவீதம், 2027 டிசம்பருக்குள் செய்தாக வேண்டும். பத்து வருஷம் நடந்து எங்கே வந்து சேர்ந்தோம்? 2015-க்கு முன்னால் இருந்த உயரமான புகைபோக்கிக்கே வந்து சேர்ந்தோம்.

ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை செய்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். வேகன் வந்து நின்றால் வியாபாரிக்கு இத்தனை மணி நேரம் ஃப்ரீ டைம். அதற்குள் சரக்கை இறக்க வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு வேகனுக்கும் ஒவ்வொரு மணிக்கும் டெமரேஜ் ஏறும். மழை பெய்தது, கூலியாள் வரவில்லை என்று தள்ளுபடிக்கு மனு போடலாம், சில சமயம் கிடைக்கும். ஆனால் டெமரேஜ் ஏறத் தொடங்கிய பிறகுதான் தள்ளுபடி கேட்க முடியும். மின்நிலைய விஷயத்தில் 2021 விதியிலேயே டெமரேஜ் போல ஒன்று வைத்திருந்தார்கள். கெடு தாண்டினால் உற்பத்தி செய்யும் ஒவ்வொரு யூனிட்டுக்கும், தரத்தைப் பொறுத்தும் தாமதத்தைப் பொறுத்தும், 5 பைசாவிலிருந்து 20 பைசா வரை கட்ட வேண்டும். கந்தகப் புகைக்காக அந்த மீட்டர் ஓடத் தொடங்குவதற்கு முன்பே ஒவ்வொரு தடவையும் கெடு நகர்ந்துவிட்டது. வேகன் ஷெட்டில் நிற்கிறது, கடிகாரத்தைப் பின்னால் திருப்பி வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு கூட்ஸ் கிளார்க் இந்தக் காரியத்தைச் செய்தால் அன்றைக்கே சஸ்பென்ஷன்.

கந்தகம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிலக்கரி ஏற்றிய ஒரு ரேக்கில் சுமார் 4000 டன் வருகிறது. நம் நாட்டு நிலக்கரியில் கந்தகம் குறைவு, நூற்றுக்கு அரை பங்குதான் என்கிறார்கள். சரி, குறைவு என்றே வைத்துக்கொள்வோம். 4000 டன்னில் அரை சதவீதம் 20 டன் கந்தகம். எரியும்போது அது காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து எடையில் இரட்டிப்பாகும். ஒரு ரேக் எரிந்தால் 40 டன் கந்தகப் புகை. ராய்ச்சூர் சக்திநகரில் 1720 மெகாவாட் நிலையம் முழுமூச்சில் ஓடினால் நாளைக்கு ஆறேழு ரேக் விழுங்கும். கர்நாடகத்திலேயே பல்லாரி, எரமரஸ், குட்கி என்று இன்னும் இருக்கின்றன. நம் சொந்தபந்தங்கள் பக்கம் போனால் மேட்டூர், தூத்துக்குடி, நெய்வேலி, எண்ணூர். கந்தகம் குறைந்த நிலக்கரிதான், ஆனால் தேசம் ஒரு வருஷத்தில் மின்சாரத்துக்காக எரிப்பது 80 கோடி டன்னுக்கு மேல். அதனால்தான் உலகத்திலேயே அதிகக் கந்தகப் புகை விடும் தேசமாக இந்தியா ஆகியிருக்கிறது.

இந்தப் புகை சிம்னிக்கு அடியில் விழுவதில்லை. காற்றில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகிறது. போகிற வழியில் அமோனியாவோடும் ஈரத்தோடும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியாகிறது. மூக்கு மயிரில் தங்காமல் நுரையீரலின் அடிவரை போவது அந்தத் தூசிதான். ஆகவே நிலையத்துக்குப் பக்கத்தில் காற்றைப் பிடித்துச் சோதித்து, கந்தகம் வரம்புக்குள்தான் இருக்கிறது என்று சொல்வது முழு உண்மை ஆகாது. கேரியரில் சாப்பாடு எடுத்துப் போனவன் வீட்டு அடுப்பங்கரையில் தேடினால் சோறு எப்படிக் கிடைக்கும்?

இனி எதிர்த்தரப்பு வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். புகையைச் சுண்ணாம்புக்கல் கரைசலில் கழுவும் கருவி பொருத்த மெகாவாட்டுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் ஆகிறது. அந்தச் சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுக்க வேண்டும், லாரியிலும் ரயிலிலும் கொண்டுவர வேண்டும். கருவியை ஓட்டவே நிலையத்தின் மின்சாரத்தில் ஒரு பங்கு போகும், அதற்கும் நிலக்கரி எரிய வேண்டும். இவையெல்லாம் பொய்யல்ல. ஐ.ஐ.டி. தில்லி, நாகபுரி நீரி, நம் பெங்களூரிலுள்ள தேசிய மேனிலை ஆய்வு நிறுவனம் ஆகியவற்றின் ஆய்வுகளைச் சர்க்கார் எடுத்துக் காட்டியது. விஞ்ஞானிகளோடு மல்லுக்கு நிற்க மெட்ரிகுலேஷன் படித்த நான் ஆளல்ல. ஆனால் ஒரு கேள்வி கேட்கப் படிப்பு தேவையில்லை. எல்லா நிலையங்களுக்கும் கருவி வேண்டுமா என்ற ஆராய்ச்சியை விதி போடும் முன்பு செய்திருக்கலாம், அல்லது போட்ட முதல் வருஷத்தில் செய்திருக்கலாம். கெடு ஓடும்போது ஆராய்ச்சி, ஆராய்ச்சி முடியட்டும் என்று கெடுவை நீட்டுதல், நீட்டிய கெடுவுக்குள் இன்னோர் ஆராய்ச்சி என்று பத்து வருஷம் போனதே, அந்தப் பத்து வருஷமும் யார் சுவாசித்தது? யார் மிச்சம் பிடித்தது?

இன்னொரு வேடிக்கை. கருவி பொருத்தும் செலவை முதலாளி கையிலிருந்து போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 2018 மே மாதமே மின்சார இலாகா, இதைச் சட்ட மாற்றத்தால் வந்த செலவாகக் கருதிக் கட்டணத்தில் சேர்க்க வழி செய்துவிட்டது. நாம்தான் கட்டப் போகிறோம். அப்படியிருந்தும் அவர்கள் ஏன் பத்து வருஷம் ஓடி ஓடி அவகாசம் வாங்கினார்கள்? எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். மின்விநியோகக் கம்பெனிகள் எந்த நிலையத்தின் மின்சாரம் மலிவோ அதை முதலில் எடுக்கின்றன. இதற்கு மெரிட் ஆர்டர் என்று பெயர். முதலில் கருவி பொருத்துகிறவனின் மின்சாரம் யூனிட்டுக்குச் சில பைசா ஏறும். வரிசையில் அவன் பின்னால் போவான். பொருத்தாதவன் முன்னால் வருவான். ஆகவே ஒருவனும் முதலில் செய்ய மாட்டான். சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தவனுக்கு நஷ்டம், காத்திருந்தவனுக்கு லாபம். என்.டி.பி.சி. போன்ற பொதுத்துறை நிறுவனம் பல இடங்களில் டெண்டர் விட்டு வேலையைத் தொடங்கிப் பணத்தைச் செலவழித்தது. காத்திருந்தவர்கள் 2025-இல் சிரித்தார்கள். மத்திய மின்சார ஆணையம் கணக்கெடுத்த 537 யூனிட்டுகளில், ஒன்பது வருஷம் ஆன பிறகும், பத்தில் ஒன்றில்கூடக் கருவி பொருத்தி முடியவில்லை.

தனித்தனியே சந்தையில் ஒருவரையொருவர் கழுத்தறுக்கும் முதலாளிகள் இலாகா வாசலில் மட்டும் தோளோடு தோள் நிற்பது இதனால்தான். அவர்களுக்கும் சங்கம் இருக்கிறது, தோழர்களே. தனியார் மின் உற்பத்தியாளருக்கு ஒன்று, மொத்தத் தொழிலுக்கும் ஃபிக்கி, அசோசெம், சி.ஐ.ஐ. என்று இன்னும் சில. ஃபிக்கி 1927-இலேயே ஏற்பட்டது, பல தொழிற்சங்கங்களை விட வயதில் மூத்தது. அவர்கள் கொடி பிடிப்பதில்லை, கோஷம் போடுவதில்லை. மகஜர் கொடுக்கிறார்கள். கருத்தரங்கு வைத்து மந்திரியைக் குத்துவிளக்கு ஏற்ற அழைக்கிறார்கள். மின்வெட்டு வரும், பாங்குக் கடன் வாராக் கடனாகும், கட்டணம் ஏறும் என்று மூன்று பயம் காட்டுகிறார்கள். இந்தக் கதையில் மாநில மின்வாரிய நிலையங்களும் அவர்களோடு சேர்ந்தே அவகாசம் கேட்டன. மின்சார இலாகாவே அவர்களுக்காகச் சுற்றுச்சூழல் இலாகாவிடம் வாதாடியது. ஒரே சர்க்காரின் வலது கை இடது கையிடம் மனுப் போட்டால் முடிவு என்னவாகும்?

இந்த வித்தை நம் ஊரில் கண்டுபிடித்ததல்ல. 1989-இல் அமெரிக்காவில் எண்ணெய், நிலக்கரி, மோட்டார், மின்சாரக் கம்பெனிகள் ஒன்றுகூடி உலகத் தட்பவெப்பக் கூட்டணி என்று ஒன்றை ஏற்படுத்தின. பெயரைக் கேட்டால் மரம் நடும் மன்றம் என்று தோன்றும். பூமி சூடேறுவது நிச்சயமில்லை, ஆகவே அவசரப்படாதீர்கள் என்று ஊரெல்லாம் பிரசாரம் செய்வதே அதன் வேலை. 1995-இல் அவர்களுடைய சொந்த விஞ்ஞான ஆலோசகர்களே, கரியமில வாயு பூமியைச் சூடாக்கும் என்பதை மறுக்க முடியாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த எழுத்து வெளியே வரவில்லை, 2009-இல் பத்திரிகைகளில் அம்பலமானது. 1997-இல் அமெரிக்க செனட் சபை, தங்கள் பொருளாதாரத்தைப் பாதிக்கும் ஒப்பந்தம் எதுவும் வேண்டாம் என்று 95-க்குப் பூஜ்யம் என்ற கணக்கில் தீர்மானம் போட்டது. 2001-இல் அமெரிக்கா கியோட்டோ ஒப்பந்தத்தைக் கைவிட்டது. 2002-இல் கூட்டணி கடையைக் கட்டியது. வேலை முடிந்துவிட்டதல்லவா? பொய்யை நிரூபிக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இருக்கவில்லை. காலம் கிடைத்தால் போதும். அங்கே கேட்டதும் காலம், இங்கே கேட்டதும் காலம்.

மைசூர்க்காரர்களுக்கு இதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. 1902-இல் காவேரி சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்தார்கள். அது முதலில் எங்கே போனது? அங்கிருந்து கூப்பிடு தூரம் போன்ற மைசூருக்கு அல்ல. சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கோலார் தங்கவயலுக்குப் போனது. லண்டன் ஜான் டெய்லர் கம்பெனியின் சுரங்கங்களுக்கு அது தேவைப்பட்டது. பெங்களூருக்கு 1905-இல்தான் விளக்கு வந்தது, மைசூருக்கு 1908-இல். பிறகு 1911-இல் கண்ணம்பாடி அணை வேலை தொடங்கியதற்கும், பாசனத்தோடு கூட, சுரங்கத்துக்குத் தடையில்லாத மின்சாரம் தர வேண்டும் என்பது ஒரு முக்கியக் காரணம். அந்த மின்சாரத்தின் பலத்தில் பூமிக்கடியில் இறங்கிப் பாறை உடைத்தவர்கள் வட ஆர்க்காட்டிலிருந்து போன நம் ஜனங்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடியது. தங்கம் போய்விட்டது. சயனைடு கலந்த மண்மேடுகள் 13, மூன்று கோடி டன்னுக்கு மேல், அங்கேயே நின்றன. காற்றடித்தால் அந்தத் தூசு யார் வீட்டுக் கஞ்சியில் விழுந்தது என்று தங்கவயலில் சொந்தக்காரர் உள்ளவர்களிடம் கேளுங்கள்.

தரம் பிரித்த விஷயத்துக்குத் திரும்புகிறேன், அதை எளிதில் விட மனமில்லை. ரயிலில் மூன்றாம் வகுப்பை 1974-இல் எடுத்துவிட்டார்கள். காற்றில் மூன்றாம் வகுப்பை 2021-இல் கொண்டுவந்தார்கள். பெரிய நகரத்துக்குப் பக்கம் என்றால் முதல் வகுப்பு. கிராமமும் சின்ன ஊரும் என்றால் மூன்றாம் வகுப்பு, 2025-க்குப் பிறகு டிக்கெட்டே வேண்டாம் என்று ஆகிவிட்டது. மின்நிலையத்து மதிலுக்கு வெளியே குடிசை போட்டு, சாம்பல் லாரிக்கும் நிலக்கரி யார்டுக்கும் காண்ட்ராக்ட் கூலியாகப் போகிறவர்கள் எந்த ஊர்க்காரர்கள் ஆனாலும் பிழைக்க வந்தவர்கள். வாக்காளர் பட்டியலில் பாதிப் பேருக்கு அங்கே பெயர் இருக்காது. அவர்களுக்காக எந்த அசோசெம் மகஜர் கொடுக்கும்?

ரயில்வேத் தொழிலாளியாகிய நமக்கும் இதில் சங்கடம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ரயில்வே ஏற்றும் சரக்கில் எடைக்கணக்கில் கிட்டத்தட்டப் பாதி நிலக்கரி. பாசஞ்சர் வண்டி நஷ்டத்தில் ஓடினாலும் நம் சம்பளம் ஒன்றாம் தேதி வருவதற்கு அந்த வாடகையும் ஒரு காரணம். நிலக்கரிக்கு விரோதமாகப் பேசினால் உன் வயிற்றில் நீயே அடித்துக்கொள்கிறாய் என்று சில யூனியன் தோழர்களே சொல்வார்கள். புகையைக் கழுவு என்று சொன்னால் ஒரு வேகன்கூடக் குறையாது என்பதுதான் என் பதில். சுண்ணாம்புக்கல் ஏற்றக் கூடுதல் வேகன்கூட வேண்டியிருக்கும். நிலக்கரியே வேண்டாம் என்ற பெரிய விவாதம் வேறு, அதை இன்னோர் இதழில் பேசலாம். வேலை போய்விடும் என்ற பூச்சாண்டியை முதலாளி எப்போதும் தொழிலாளி வாயாலேயே சொல்ல வைப்பான்.

நாம் ஏன் அந்த வாசலில் இல்லை? ஒரு காரணம் பாஷை. 2020-இல் தொழிற்சாலைகளுக்கும் அணைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தரும் முறையையே மாற்றும் ஒரு வரைவு வந்தது. இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டும் போட்டு, ஜனங்களே கருத்துச் சொல்லுங்கள் என்றார்கள். கம்பெனிகளின் வக்கீல்களுக்கு அது போதும். 2020 ஜூன் 30-இல் தில்லி உயர் நீதிமன்றம் 22 மொழிகளிலும் வெளியிடச் சொன்னது. ஆகஸ்டில், பெங்களூரைச் சேர்ந்த ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு தொடுத்த வழக்கில், கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த வரைவை இறுதியாக்கத் தடை போட்டது. மத்திய சர்க்கார் மொழிபெயர்ப்பதை விட வழக்காடுவதே மேல் என்று உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனாலும் லட்சக்கணக்கில் ஆட்சேபக் கடிதங்கள் குவிந்தன, வரைவு அப்படியே சட்டமாகவில்லை. ஆட்சேபம் எழுதினால் ஒன்றும் நடக்காது என்று சொல்கிறவர்களுக்காக இதைக் குறிப்பிடுகிறேன். அந்த வழக்கைப் போட்டது பெரும்பாலும் கன்னடம் பேசும் தோழர்கள். தமிழனுக்குத் தமிழில் வேண்டும் என்று நாம் கேட்பதற்கு முன்னால், கன்னடனுக்குக் கன்னடத்தில் வேண்டும் என்று அவர்கள் கேட்டதால் நமக்கும் பலன் கிடைத்தது.

இப்போது செய்ய வேண்டிய வேலை. இரண்டாம் தரத்து நிலையங்களை மத்திய இலாகாவின் கமிட்டி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும்போது, அந்த நிலையம் இருக்கும் ஊரில் நம் உறவினரோ நம் சங்கத்து ஆளோ இருந்தால் கடிதம் போகவேண்டும். தபால் கார்டு போதும், தமிழிலோ கன்னடத்திலோ எழுதலாம். முதல் தரத்தின் கெடு 2027 டிசம்பர் 31. பழைய அனுபவப்படி செப்டம்பரிலிருந்தே கெஜட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், டிசம்பர் 30 வரை தூங்கினால் பயனில்லை. மைசூரிலேயே ஒரு வாசல் இருக்கிறது. சாமுண்டேஸ்வரி மின்விநியோகக் கம்பெனியின் கட்டண மனுக்கள் மீது கர்நாடக மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இங்கே பொது விசாரணை நடத்தியிருக்கிறது. ஆலை முதலாளிகளின் சங்கங்கள் ஃபைலோடு வந்து முன்வரிசையில் உட்காருகின்றன. பின்வரிசை நாற்காலிகள் காலியாகவே கிடக்கின்றன. யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதிக் கொடுத்துப் பேசலாம்.

ஒவ்வொரு கிளையிலும் கெஜட் படிக்கக்கூடிய இரண்டு பேர் வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பென்ஷன் வாங்கும் குமாஸ்தாக்கள் இருக்கவே இருக்கிறார்கள். கிளைச் செயலாளர்கள் அடுத்த செயற்குழுவுக்கு வரும்போது அந்த இரண்டு பெயர்களையும் எழுதிக் கொண்டுவர வேண்டும்.